பழைய பிரதி திறந்தே இருந்தது

ஆல்போர்க் நகரத்தில், கடற்கழி ஓரமாக இருந்த ஒரு பழைய கிடங்கில் அந்தச் சின்ன நிறுவனம் இயங்கியது. அங்கே தப்புச் செய்தவர் கேக் கொண்டுவர வேண்டும். எழுதிய நிரல் உடைந்தால் கேக். வாடிக்கையாளருக்குத் தப்பான பதிப்பு போய்விட்டால் கேக். வெள்ளைப் பலகையில் தன் பேரைத் தானே எழுதிவிட்டு, வெள்ளிக்கிழமை காலைக் காபிக்கு டப்பாவோடு வந்துவிட வேண்டும். டென்மார்க்கில் பல அலுவலகங்களில் இருக்கிற வழக்கம்தான். ஆனால் இங்கே ட்ரோல்ஸ் என்று ஒருவன் இருந்தான். தன் தப்புக்குக் கடையில் வாங்கி வருவான், அடுத்தவர் தப்புக்கு வீட்டில் செய்ததுதான் வேண்டும் என்பான். வேலையில் சுமார்தான், கேக் விஷயத்தில் மட்டும் படு கறார்.

அந்த ஜூன் மாதத்தில், அங்கே நிரல் எழுதுகிற போடிலின் பேர் பலகையில் ஏறவே இல்லை. அவள் செய்துகொண்டிருந்ததோ எல்லோரும் பயந்து ஒதுங்கிய வேலை. மூன்று நிரல்களைப் பழைய லைப்ரரியிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். லைப்ரரி என்பது நிரல் எழுதுகிறவர்கள் எடுத்துப் பூட்டிக்கொள்ளும் ஆயத்தப் பாகங்களின் தொகுப்பு. பழையதை எழுதியவர்கள் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டார்கள். இலையுதிர் காலத்தில் பண்ணைகளின் கணினிகளுக்குப் புது இயங்குதளம் வரப்போகிறது, அதில் அந்தப் பழைய லைப்ரரி இருக்காது. அதற்குள் மாறாத நிரல் திறக்கவே திறக்காது.

ட்ரோல்ஸ் தினமும் அவள் மேசைப் பக்கம் வந்து நின்று, இன்றைக்காவது ஏதாவது உடைந்ததா என்று விசாரிப்பான். இல்லை என்றால் முகம் தொங்கிவிடும்.

"மூணு வாரமா ஒரு தப்பு கூட இல்லையா? இதெல்லாம் நல்லதுக்கில்ல தாயே," என்றான் ஒருநாள்.

போடில் சிரித்தாள். ஐம்பத்தைந்து வயதில் இன்னும் பெரிய வேலையைத் தன்னிடம்தான் தருகிறார்கள், அதுவும் ஒரு சிராய்ப்பு இல்லாமல் முடிகிறது என்று உள்ளுக்குள் அவளுக்குப் பெருமை. அந்தத் தீனிப்பண்டாரம் அன்றைக்குச் சொன்னதுதான் சரி. நிரல் எழுதுகிறவர் மூன்று வாரம் தப்பே செய்யவில்லை என்றால், தப்பு வேறெங்கோ பெரிதாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் போடிலே நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். தனக்கு என்று வரும்போது யாருக்குத்தான் நினைவு வருகிறது?

மூன்று நிரல்களில் முதல் இரண்டும் தீவனக் கணக்கும் எடைக் கணக்கும். அவை ஒழுங்காகவே மாறின. மூன்றாவதுதான் முக்கியம். அதன் பேர் கொட்டில்காவல். பன்றிக் கொட்டிலில் காற்றாடி நின்றுவிட்டால் பண்ணைக்காரனை எழுப்புகிற நிரல். அடைத்த கொட்டில், நூற்றுக்கணக்கான கொழுத்த பன்றிகள், வெயில் நாள். காற்றாடி நின்றால் ஒரு மணி நேரத்துக்குள் மூச்சு முட்டிச் சாக ஆரம்பித்துவிடும். அதனால் இது விளையாட்டு இல்லை.

கொட்டில்காவல் ஒரு கணினியில் ஒரே ஒரு பிரதிதான் ஓட வேண்டும். காலையில் திறந்தால் அது பாட்டுக்கு மற்ற ஜன்னல்களுக்குப் பின்னால் கிடக்கும். கொட்டிலில் ஏதாவது கெட்டுப்போனால் அங்கே சுவரில் இருக்கிற கருவிப் பெட்டி கணினியில் இன்னொரு பிரதியை ஏவிவிடும். அந்த இரண்டாவது பிரதி எழுந்ததும் முதலாவது இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால், எந்தக் கொட்டில், என்ன கோளாறு என்று அதன் காதில் போட்டுவிட்டுத் தான் செத்துவிடும். செய்தி கேட்ட முதல் பிரதி எல்லா ஜன்னல்களையும் தள்ளிக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து சிவப்பாக நிற்கும். அப்படி முன்னால் வந்த பிறகுதான் சங்கு ஊதும், கைப்பேசிக்குத் தகவல் போகும். ஆதியில் போடில்தான் அதை அப்படிக் கட்டினாள். அந்தக் காலத்தில் அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

புது லைப்ரரிக்கு மாற்றும்போது அவளுக்கு ஒரு கரிசனம் வந்தது. பண்ணைக்காரர்கள் நிரலை மூடுவதே இல்லை, மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். புதியதை நிறுவும் நேரத்தில் பழைய பிரதி ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? இரண்டும் ஒன்றையொன்று தெரியாத மாதிரி நின்றால் குழப்பம். அதனால் புதியதற்கு ஒரு மரியாதை கற்றுக்கொடுத்தாள்: பழையது ஏற்கெனவே இருந்தால், செய்தியை அதனிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் விலகிவிடு. அழகாக எழுதினாள். விபெகேகூட அதைப் படித்துவிட்டுப் பாராட்டினாள். விபெகேதான் அந்த இடத்தின் முதலாளி. அவள் வாயிலிருந்து பாராட்டு வருவது அபூர்வம்.

இந்த வேலையில் போடிலுக்குச் சொந்த விஷயம் ஒன்றும் கலந்திருந்தது. அது அவள் தோழி டோர்டே. இருவரும் பள்ளிக் காலத்தில் ஒரே கைப்பந்து அணியில் ஆடியவர்கள். டோர்டேயின் கணவன் ஹோல்கர் ஹோப்ரோ பக்கத்தில் பன்றிப் பண்ணை வைத்திருந்தான். நல்ல மனுஷன்தான், ஆனால் கொட்டிலை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்க மாட்டான். ஒருமுறை கோடையில், அப்போது இருந்த வேறு ஏதோ அலார்ம் ஊதாமல் போய், ஒரு கொட்டில் முழுக்கப் போய்விட்டது. அதிலிருந்து இப்படித்தான். கல்யாணமான மகள் வீட்டுக்குக்கூட இரவு தங்கப் போனதில்லை. டோர்டே ஒவ்வொரு ஜூலையும் லேசோ தீவில் தன் அக்காவின் கோடை வீட்டுக்குத் தனியாகப் போய்த் தனியாக வருவாள். கேட்டால் பழகிப்போச்சு என்பாள். பழகவில்லை என்பது போடிலுக்குத் தெரியும்.

இந்த வருஷம் ஹோல்கர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தான். கொட்டில்காவலின் தகவலைத் தன் கைப்பேசிக்கும் வாங்கிக்கொள்ளப் பக்கத்துப் பண்ணைக்காரன் சம்மதித்திருந்தான். புதுப் பதிப்பும் தன் கண் முன்னால் வேலை செய்தால் ஒரு வாரம் லேசோவுக்கு வருகிறேன் என்றான். டோர்டே உடனே போடிலுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அடியே, நல்லாப் பண்ணித் தொலை. என் புருஷனைக் கடற்கரையில நான் பாத்ததே இல்ல."

ஆக, வெளியே போகிற முதல் பிரதி ஹோல்கரின் பண்ணைக்கு என்று போடில் முடிவு செய்தாள். கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அதை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு நேரில் போனாள். பண்ணை அலுவலகம் வீட்டின் கடைசி அறைதான். கணினியில் பழைய கொட்டில்காவல் வழக்கம்போல் திறந்திருந்தது. ஹோல்கர் அதை மூடவா என்று கேட்டதற்கு, மூடக்கூட வேண்டாம், புதியது தானே பார்த்து நடந்துகொள்ளும் என்று சொன்னாள். அதைச் சொல்லும்போது கொஞ்சம் அலட்டிக்கொண்டாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நிறுவினாள். ஹோல்கர் கொட்டிலுக்குப் போய்க் கருவிப் பெட்டியில் இருந்த சோதனைப் பொத்தானை அமுக்கினான். திரையில் சிவப்பு ஜன்னல் பாய்ந்து வந்தது, சங்கு ஊதியது. ஹோல்கர் திரும்பி வந்து திரையைப் பார்த்தான், தலையாட்டினான். அவன் தலையாட்டி முடிப்பதற்குள் டோர்டே கைப்பேசியில் கப்பலுக்கு இரண்டு பேருக்கு இடம் போட்டுவிட்டாள்.

போடில் வீட்டுக்குப் போகும் வழியில் சாலையோரப் பெட்டிக்கடையில் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டு, வண்டியில் பாடிக்கொண்டே போனாள்.

விடுமுறைக்கு முந்திய வெள்ளிக்கிழமை. ஜூலையில் நாடே கதவைச் சாத்திக்கொள்ளும். அலுவலகத்தில் பாதிப் பேருக்கு உடம்பு மட்டும்தான் வந்திருந்தது. விபெகே ஒரு சில்லறை வேலையைப் போடிலிடம் கொடுத்தாள். மற்றப் பண்ணைகளுக்கு அனுப்புவதற்கு முன் கொட்டில்காவலின் திரையில் இருக்கிற சோதனைப் பொத்தானை மஞ்சளிலிருந்து நீலமாக்க வேண்டும். மஞ்சள் வெயிலில் தெரியவில்லை என்று பண்ணைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் யாரோ சொன்னார்களாம்.

போடில் நிறத்தை மாற்றினாள், நிரலை ஏவினாள். ஜன்னல் முன்னால் வந்தது. பொத்தான் மஞ்சள்.

மறுபடி பார்த்தாள். எழுதியிருந்தது சரிதான். நிரலை முதலிலிருந்து திரும்பக் கட்டி ஏவினாள். மஞ்சள். இந்தத் தடவை பொத்தானையே எடுத்துவிட்டு ஏவினாள். எடுத்த பொத்தான் இருந்த இடத்தில், மஞ்சளாக, ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் கணினியின் மூலையில் கொட்டில்காவல் எப்போதும் திறந்திருக்கும். வாடிக்கையாளர் யாராவது போன் செய்தால் பார்த்துச் சொல்ல வசதியாக இருக்கட்டும் என்று வருஷக்கணக்காக வைத்திருந்த பழக்கம். பழைய பிரதி. இவள் ஒவ்வொரு நாளும் புதியதை ஏவினாள். புதியது எழுந்து பார்த்தது. பழையவர் இருந்தார். கற்றுக்கொடுத்த மரியாதைப்படி செய்தியை அவரிடம் கொடுத்துவிட்டுச் செத்தது. முன்னால் வந்து நின்றதெல்லாம் பழையதுதான். கொட்டில்காவலில் இத்தனை நாளும் இவள் சோதித்தது தான் எப்போதோ எழுதி முடித்த நிரலை. அது வேலை செய்யாமல் என்ன செய்யும்?

பழையதை மூடினாள். புதியதை முதல்முறையாக உண்மையிலேயே திறந்தாள். பொத்தான் இல்லை, சரி. அதன் மேல் வேறொரு ஜன்னலைப் போட்டு மூடிவிட்டு ஓர் அபாயச் செய்தியை அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. திரையின் அடியில் ஒரு சின்னப் படம் மட்டும் மினுக் மினுக்கென்று மினுங்கிக்கொண்டிருந்தது. புது லைப்ரரி நாகரிகமானது. ஆள் வேறு வேலையாக இருக்கும்போது எந்த ஜன்னலும் தானாக முன்னால் பாயக் கூடாது, அடியில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும் என்பது அதன் ஒழுங்கு. ஜன்னல் முன்னால் வராததால் சங்கு ஊதவில்லை. யார் கைப்பேசிக்கும் எதுவும் போகவில்லை. கொட்டில் பற்றி எரிந்தால்கூட இது இப்படியே மினுங்கிக்கொண்டு நிற்கும்.

ஹோல்கரின் பண்ணையில் இப்போது ஓடிக்கொண்டிருப்பது பழைய பிரதி, மூடாத காரணத்தால். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டாலும் சரி, மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் சரி, எழுவது புதியதாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கப்பல். வாரத் தொடக்கத்தில் வெயில், பிறகு இடி மழை என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள்.

போடில் எழுந்து போய் வெள்ளைப் பலகையில் தன் பேரை எழுதினாள். ட்ரோல்ஸ் கை தட்டினான். அவனுக்கு விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான், தானும் ஒருமுறை இதே மாதிரி பழையதையே சோதித்து ஏமாந்தவன்தான் என்றான், புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றான். போடிலுக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. அவன் மேலா தன் மேலா என்று தெரியவில்லை. அங்கே கேக் என்று ஒன்று இருந்ததாலேயே எந்தத் தப்பும் கேக் அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. மூச்சு முட்டிச் சாகிற பன்றிக்கு எந்தக் கேக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

விபெகே முழுதையும் நிதானமாகக் கேட்டாள். மற்றப் பண்ணைகளுக்கு இன்னும் போகவில்லை அல்லவா, அது போதும் என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"அவன் மெஷினில பழசுதானே ஓடுது? ஓடட்டும். லீவு முடிஞ்சு வந்து சத்தமில்லாம மாத்திடு. இப்பப் போய் ஊதிப் பெரிசாக்காதே."

அவள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. ஆனால் ஹோல்கரைப் போடிலுக்குத் தெரியும். வெளியே கிளம்புகிறவன் எல்லாவற்றையும் ஒருதரம் அணைத்துப் போட்டுப் பார்க்காமல் படியிறங்க மாட்டான். பழைய பதிப்பைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த கறுப்பு ரொட்டியைப் பிரிக்காமலே கிளம்பிவிட்டாள். தெற்கே ஹோப்ரோவுக்குப் போகிற சாலை முழுக்கக் கோடை வீட்டுக்குப் போகிற கார்கள்.

வழியெல்லாம் ஒரு யோசனை கூடவே வந்தது. சின்ன ஒரு அப்டேட் இருக்கிறது, போகிற வழியில் வந்தேன் என்று சொன்னால் போதும். உட்கார்ந்து பழையதை ஏற்றிவிடலாம். கணினியை ஒருமுறை அணைத்துப் போட்டு, சோதித்து, காபி குடித்துவிட்டு, நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று கையாட்டிவிட்டு வந்துவிடலாம். ஆபத்தும் போய்விடும், தோழியின் விடுமுறையும் கெடாது. பண்ணைக்குத் திரும்புகிற மண் பாதையில் இறங்கும்போது அவள் அந்தப் பொய்யைச் சொல்லத் தயாராகவே இருந்தாள்.

முற்றத்தில் கார் டிக்கி திறந்திருந்தது. ஹோல்கரின் துணிப்பெட்டி முதலில் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே டோர்டே அதை ஏற்றிவைத்துவிட்டாள். அவன் மனசு மாறிவிடக் கூடாதாம். அவள் போடிலைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஹோல்கருக்கென்று புதுசாக வாங்கிய நீச்சல் கால்சட்டையை எடுத்து விரித்துக் காட்டினாள். போடில் அதைப் பார்த்துச் சிரித்துவைத்தாள்.

அலுவலக அறையில் அவள் பென்டிரைவைச் சொருகும்போது ஹோல்கர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"இது எதுக்கு?"

பொய் நாக்கு நுனியில் இருந்தது. அவனோ குற்றம் சாட்டுகிற மாதிரியெல்லாம் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவள் என்ன சொன்னாலும் சரி என்று போயிருப்பான். அதுதான் அவளால் முடியாமல் போனது.

"நான் போன வாரம் காட்டினது புதுசு இல்ல, ஹோல்கர். பழசு. எனக்கே தெரியாது. புதுசு ஓடியிருந்தா சங்கு ஊதியிருக்காது," என்றாள்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திறந்தே கிடந்த பிரதி, தான் கற்றுக்கொடுத்த மரியாதை, அடியில் மினுங்கிய படம் எல்லாம். டோர்டே வந்து ஹோல்கருக்குப் பின்னால் நின்றாள், கால்சட்டை இன்னும் அவள் கையில் இருந்தது. போடில் முடித்தபோது ஹோல்கர் கேட்டது ஒன்றுதான்: இப்போது ஏற்றப்போவது எது என்பது எப்படித் தெரியும்? பதிப்பு எண்ணைக் காட்டுகிறேன் என்றாள். எண் எல்லாம் வேண்டாம், ஏற்றிவிட்டுக் கணினியை அணைத்துப் போடு, நாம் கொட்டிலுக்குப் போவோம் என்றான்.

சோதனைப் பொத்தானை அமுக்க அவன் விடவில்லை. காற்றாடியையே நிறுத்தச் சொன்னான், அதையும் அவள் கையால். டோர்டே அலுவலக அறையில் நின்றாள், திரைமேல் வேறு ஜன்னல் ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டு. போடில் நீலச் சட்டையும் ரப்பர் காலணியும் மாட்டிக்கொண்டு இரண்டாம் கொட்டிலுக்குள் போனாள். இத்தனை வருஷமாக இந்த விலங்குகளுக்காக நிரல் எழுதுகிறாள், உள்ளே வந்தது இதுதான் முதல்முறை. நாற்றம் கண்ணைக் கரித்தது. தலைக்கு மேல் காற்றாடி ஓடிய சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. ஹோல்கர் கையைக் காட்டினான். அவள் விசையை இறக்கினாள்.

சத்தம் நின்றதும் பன்றிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கின. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏதோ சரியில்லை என்று அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஒன்றையொன்று இடிக்க ஆரம்பித்தன. சூடு கீழேயிருந்து ஏறியது. கருவிப் பெட்டி கோளாறை உறுதிசெய்துகொள்ளச் சற்று நேரம் எடுக்கும், அந்தச் சற்று நேரத்தை வைத்தவளும் போடில்தான். அலுவலகத்தில் உட்கார்ந்து வைத்தபோது அது சின்னதாகத்தான் இருந்தது. இப்போது அவளுக்கு வியர்த்து ஊற்றியது. விசையைத் திரும்ப ஏற்றிவிடலாமா என்று கை போனது. ஹோல்கர் தலையை அசைத்தான், வேண்டாம் என்று.

முற்றத்துக்கு அந்தப் பக்கமிருந்து சங்கு ஊதியது.

ஹோல்கரே விசையை ஏற்றினான். இருவரும் வெளியே வந்தார்கள். டோர்டே அறையின் ஜன்னலைத் திறந்து, வந்துவிட்டது, சிவப்பாக முன்னால் நிற்கிறது என்று கத்தினாள். பக்கத்துப் பண்ணைக்காரனும் தகவல் வந்துவிட்டதாகப் போன் செய்தான். போடிலுக்கு உடம்பு லேசானது. ஆயிற்று, இனி பயமில்லை, இது பழையது, இத்தனை வருஷம் ஓடினது என்றாள். ஹோல்கர் ஆமாம் என்றான். பிறகு காருக்குப் போய் டிக்கியிலிருந்து தன் பெட்டியை இறக்கிச் சரளைக் கல் மேல் வைத்தான்.

"வேலை செய்யுதே, நீயே பாத்தியே," என்றாள் போடில்.

"பாத்தேன். போன வாரமும் பாத்தேன்."

தான் வந்து அடுத்த வாரம் முழுக்க இங்கே இருக்கிறேன் என்றாள் போடில். தனக்கு விடுமுறைதான், சமையலறைக்குச் சாயம் அடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை என்றாள். ஹோல்கர் அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவன் கோபமாகப் போகவில்லை. கோபப்பட்டிருந்தால் போடிலுக்குத் தாங்கியிருக்கும்.

டோர்டே நீச்சல் கால்சட்டையை மடித்துக் காரின் பின் இருக்கையில் வைத்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"சின்ன அப்டேட்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல," என்றாள் மெதுவாக. "பழசை ஏத்திட்டேல்ல? அதுக்கப்புறம் அவனுக்கு எதுக்குடி தெரியணும்?"

போடிலுக்கு அழுகை வந்துவிட்டது. தோழி அவளைத் தேற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை காரோடு தனியாகப் போய்க் கப்பல் ஏறினாள், எல்லா ஜூலையையும் போல.

போடில் வீட்டுக்கு வந்து சமையலறைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்தாள். அடிக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் தான் செய்தது சரியா என்று கேட்டுக்கொண்டாள். சரிதான் என்று தோன்றும்போதெல்லாம் அந்தக் கால்சட்டை நினைவுக்கு வந்தது. டோர்டேக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினாள். பதிலாக வந்தது கடலின் ஒரு படம், ஆள் இல்லாமல்.

வெயில் ஏறிக்கொண்டே போனது. புதன்கிழமை காலையில் வானம் கறுத்து, தெற்கே எங்கோ இடி உருள ஆரம்பித்தது. போடில் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலருகே நின்று, அந்த இடி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹோப்ரோ பக்கம்தான் போனது. போன் செய்யலாமா என்று எடுத்து, வைத்துவிட்டாள். மழை விட்ட பிறகு போனே அடித்தது. ஹோல்கர்.

கரண்ட் போய் வந்தது என்றான். கணினி தானாக எழுந்தது. இரண்டாம் கொட்டிலில் காற்றாடி எழவில்லை. தான் அப்போது வைக்கோல் கிடங்கின் கடைசியில் இருந்ததாகச் சொன்னான். சங்கு அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரன் தனக்கு முன்னால் வந்து கொட்டில் கதவைத் திறந்துவிட்டானாம். ஒரு பன்றிக்கும் ஒன்றும் ஆகவில்லை, காற்றாடிக்குப் புது ஃப்யூஸ் போட்டாயிற்று. இவ்வளவையும் வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி சொன்னான். போடில் சுவரில் சாய்ந்து நின்றாள், ஈரச் சாயம் முதுகெல்லாம் ஒட்டியது.

நல்லவேளை, நல்லவேளை என்றாள் போடில்.

"மத்தியானம் ஒரு கப்பல் இருக்கு. நீ வந்து இங்க இருக்கிறியா?" என்றான் ஹோல்கர்.

போடிலுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. நிரல்தான் கண் முன்னால் வேலை செய்துவிட்டதே. அன்றைக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று போனவன், இன்றைக்கு, அது வேலை செய்த பிறகு, கூப்பிடுகிறான்.

"அதான் ஊதுதே, அப்புறம் நான் எதுக்கு?"

"அது கெட்டுப்போனா எங்கிட்ட வந்து சொல்லாது," என்றான் ஹோல்கர். "நீ வந்து சொன்னே."

இதோ கிளம்பிவிட்டேன் என்றாள் போடில். டோர்டேக்கு இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்றான் அவன், துறைமுகத்தில் இறங்கி நேரில் பார்த்துக்கொள்வானாம். சரி என்றாள். அவன் போனை வைக்கப் போகும்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்து, நீச்சல் கால்சட்டை காரின் பின் இருக்கையில் டோர்டேயிடமே இருக்கிறது, நீ வேறு எதையும் தேடிக்கொண்டிருக்காதே என்று சொல்லி அனுப்பினாள்.